தகடூர் நடுகல் பயணம்: ஒருநாள் வேன் சேவை எப்படி இருக்கிறது?

கிருஷ்ணகிரியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, அந்தக் காலத்தில் தகடூர் எனப்பட்ட தருமபுரி, அதியமான்கோட்டை, பாப்பாரப்பட்டி என்று சுற்றிக் காட்டி, இரவு எட்டு மணிக்குள் கொண்டுவந்து விடுகிற ஒருநாள் வேன் பயணம் இது. பன்னிரண்டு பேர் உட்காரும் டெம்போ டிராவலர். தலைக்கு 1,200 ரூபாய். காலை டிபன், மதியச் சாப்பாடு, இரண்டு டீ, பதினாறு பக்கக் கையேடு எல்லாம் அதில் அடக்கம். விளம்பரத்தில் இதற்கு 'பாட்டும் கல்லும்' என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். சங்கப் பாட்டை வேனில் வாசிப்பது, அந்தப் பாட்டு பேசுகிற மண்ணில் இறங்கி, சண்டையிலோ காவலிலோ உயிர்விட்டவனுக்கு நட்ட நினைவுக்கல்லான நடுகல்லைப் பார்ப்பது, அதுதான் ஏற்பாடு.

முதலிலேயே சொல்லிவிடலாம்: போகலாம், கொடுக்கும் பணத்துக்கு நஷ்டமில்லை. ஆனால் இப்போது இருக்கிற நேர அட்டவணையோடு போனால் பாதிக் கல்லைத்தான் பார்ப்பீர்கள். மீதிப் பாதி வெயிலில் போய்விடும்.

வெயில் என்பது இங்கே சூட்டைப் பற்றிய பேச்சு அல்ல. நடுகல்லில் எழுத்து ஆழமாக வெட்டப்பட்டிருக்காது. பல கற்களில் நகக்கண் அளவுகூட ஆழம் கிடையாது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் மழையும் காற்றும் பட்டு விளிம்பு மழுங்கிப்போயிருக்கும். நேராக முகத்தில் அடிக்கிற வெயில் அந்த எழுத்தை அப்படியே தின்றுவிடும், கல் வெறும் சாம்பல் பலகையாகத் தெரியும். வெளிச்சம் கல்லின் முகத்தைச் சாய்வாகத் தடவிக்கொண்டு போனால்தான் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மயிரிழை நிழல் விழும். அந்த நிழலைத்தான் நாம் வாசிக்கிறோம்.

ஆகவே கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதே முதல் கேள்வி. இந்தச் சேவைக்காரர்கள் 'காலை இளவெயில் நல்லது' என்று பொதுவாக வைத்துக்கொண்டு கிழக்குப் பார்த்த கற்களுக்கு ஏழரை மணிக்கே கூட்டிப்போகிறார்கள். கிழக்குப் பார்த்த கல்லுக்கு விடியல் வெயில்தான் மிக மோசம், நேர் எதிரே அடிக்கும். அதற்கு நல்ல நேரம் பதினொன்று, பதினொன்றரை. சூரியன் தலைக்கு மேலே ஏறி, கல்லின் முகத்தை மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு இறங்கும் அந்த அரை மணி நேரம். அதன்பிறகு முகம் நிழலுக்குப் போய்விடும். மேற்குப் பார்த்த கல்லுக்கு உச்சி தாண்டிய முதல் அரை மணி. தெற்குப் பார்த்ததற்கு மார்கழி, தை மாதக் காலை ஏழு மணி, அப்போது சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே நன்றாக ஒதுங்கி எழுவதால் வெளிச்சம் பக்கவாட்டில் வரும். வடக்குப் பார்த்த கல் என்றால் ஐப்பசியிலிருந்து மாசி வரை வெயிலே படாது, டார்ச் ஒன்றுதான் கதி.

டார்ச் பிடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. வழிகாட்டி நேராகக் கல்லின் மேல் அடித்துக் காட்டுகிறார், அது பயன்படாது. டார்ச்சைக் கல்லின் ஓரத்துக்குக் கொண்டுபோய், ஏறக்குறைய முகத்தோடு ஒட்டினாற்போல், ஓர் அடி இரண்டடி தள்ளிப் பிடிக்க வேண்டும். மேலிருந்து அடித்தால் படுக்கைக் கோடுகள் எழும்பும், பக்கத்திலிருந்து அடித்தால் நெடுக்குக் கோடுகள் எழும்பும். ஒரே பக்கம் அடித்துப் படம் எடுத்துவிட்டு வீட்டில் வந்து வாசிப்பவர்கள் எழுத்தின் பாதிக் கோட்டை விட்டுவிடுவது இதனால்தான். நாலு பக்கமும் மாற்றி மாற்றி நாலு படம். போனில் ஃபிளாஷ் அணைத்திருக்க வேண்டும். வெயில் பளீரென்று இருக்கும் இடத்தில் டார்ச் எடுபடாது. ஒருவர் துப்பட்டாவையோ குடையையோ பிடித்து நிழல் உண்டாக்க, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி ஓரத்திலிருந்து பாய்ச்சலாம். கல்வெட்டுக்காரர்கள் பையில் கண்ணாடி வைத்திருப்பது இதற்காகத்தான்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் வழிகாட்டி செய்த ஒரு காரியத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பயணத்தின் மையமே இந்த இடம்தான், தொல்லியல் துறை சேர்த்துவைத்த நடுகற்களை ஒரே இடத்தில் அருகருகே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே ஒரு கல்லில் எழுத்து தெரியவில்லை என்றதும் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து வெட்டுக்குள் தேய்க்கப் போனார். காவலர் தடுத்தார், நல்லவேளை. சாக்பீஸ், மாவு, விபூதி, மஞ்சள் எதுவும் கல்லின் மேல் படக்கூடாது. தூள் நுண்துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், கழுவினாலும் முழுதாக வராது. அதைவிடப் பெரிய கெடுதல் வேறு. சாக்பீஸ் போடுகிறவர் தனக்குத் தெரிகிற கோட்டைத்தான் வெள்ளையாக்குகிறார். பிறகு படம் எடுக்கிற எல்லாரும் அவருடைய யூகத்தைப் படம் எடுக்கிறார்கள். அடுத்தவர் அதையே வாசிக்கிறார். தவறான பாடம் இப்படித்தான் நிலைத்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, இதே சேவையில் மிகச் சிறப்பான ஒரு பகுதியும் உண்டு. மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மை ஒற்றிப் படியெடுக்கும் செயல்விளக்கம். உண்மையான கல்லில் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது என்பதால் எழுத்து வெட்டிய சிமென்ட் பலகை ஒன்றை வேனிலேயே கொண்டுவருகிறார்கள். சரியான முடிவு. முதலில் பலகையைத் தண்ணீர் ஊற்றிப் பிரஷால் தேய்த்துக் கழுவுகிறார்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் தாள் அங்கே கிழியும். பிறகு மேப்லித்தோ தாளைத் தண்ணீரில் நனைத்துப் பரப்பி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் காற்றுக் குமிழியைத் தள்ளிக்கொண்டே வருகிறார்கள். அடுத்து அடர்ந்த மயிர்ப் பிரஷால் தாளைத் தட்டுவது. தேய்ப்பதல்ல, தட்டுவது. தட்டத் தட்டத் தாள் வெட்டுக்குள் இறங்கி எழுத்து பள்ளமாகத் தெரிய ஆரம்பிக்கும். அதன்பின் காத்திருக்க வேண்டும், இங்கேதான் எல்லாரும் தப்புப் பண்ணுவார்கள். ஈரம் அதிகமிருக்கும்போதே மையை ஒற்றினால் மை ஊறிப் பரவி எழுத்து குழம்பும். நன்றாகக் காயவிட்டால் தாள் கல்லைவிட்டுக் கிளம்பிவிடும். தொட்டால் கையில் குளிர்ச்சி தெரியணும், ஈரம் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் விளக்குக்கரி மையைத் துணிப்பந்தில் தொட்டு, முதலில் ஒரு தட்டில் ஒற்றி அதிகப்படியை எடுத்துவிட்டு, மேடான பகுதியில் மட்டும் படும்படி லேசாக ஒற்றிக்கொண்டே வருகிறார்கள். கறுப்பு நடுவே எழுத்து வெள்ளையாக நிற்கும். பன்னிரண்டு பேரில் நாலு பேருக்காவது கையில் பிரஷ் கிடைக்கிறது. நாற்பது நிமிடம் இதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள், ஒரு நிமிடம்கூட வீண் இல்லை.

கல்லை எப்படி வாசிப்பது என்பதைக் கையேடு நன்றாகவே விளக்குகிறது. பல்லவர் கால நடுகல் வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சில் வரும். முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், 'கோவிசைய' என்று தொடங்கினால் அது அரசனுக்கான முன்னொட்டு. அடுத்து அந்தப் பகுதியை ஆண்ட சிற்றரசன் அல்லது தலைவன், ஊர். பிறகு நடந்தது என்ன என்று. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். தொறு கொண்டபோது பட்டானா, மீட்டுப் பட்டானா என்று பார்க்க வேண்டும். கடைசியில் செத்தவன் பெயர், 'கல்' என்று முடிவு. இந்தக் கற்களின் பழைய எழுத்தான வட்டெழுத்து தெரியாதவர்கூட 'தொறு', 'பட்டான்', 'கல்' என்ற மூன்று சொல்லின் உருவத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டால் எந்தக் கல்லின் முன்னாலும் பாதி தூரம் போய்விடலாம். கையேட்டில் இந்த மூன்று சொல்லையும் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அருமையான யோசனை.

உருவங்களைப் பற்றிய பக்கம் அவ்வளவு தெளிவில்லை. பழைய கற்களில் வீரன் ஒருவன் மட்டும், கையில் வில்லும் வாளும், காலடியில் கெண்டி, சிமிழ், சிலசமயம் மாடு. பிற்காலக் கற்களில் மாடி மாடியாக இரண்டு மூன்று அடுக்கு வரும். கீழே சண்டை, நடுவில் தேவமாதர் இருபுறமும் தாங்கி வீரனை மேலே தூக்கிப்போவது, உச்சியில் லிங்கத்தின் முன் அவன் உட்கார்ந்திருப்பது. கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும் என்பதைக் கையேடு சொல்லவே இல்லை. மேலிருந்து பார்க்கிறவருக்குக் கதை தலைகீழாகப் போகும். பன்றியைக் குத்திச் செத்தவன், புலியைக் குத்திச் செத்தவன் கற்களை 'வேட்டைக்காட்சி' என்று ஒரே வரியில் முடித்ததும் போதாது. பயிரையும் மாட்டையும் காக்கப் போய் உயிர் விட்டவர்கள் அவர்கள், அவர்களுக்கும் ஊர் கல் நட்டிருக்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் வளையலோடு உயர்த்திய கை இருந்தால் உடன்கட்டை ஏறிய பெண்ணின் அடையாளம். இதைச் சொல்லாமல் அந்தக் கல்லைத் தாண்டக்கூடாது.

செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லின் படம் ஒன்று கையேட்டில் இருக்கிறது. பயணத் தடத்தில் அந்த ஊர் இல்லை, ஆனாலும் சேர்த்தது நல்லது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் அது. தொறு மீட்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் பட்டான். கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனோடு நாயும் கல்லில் நிற்கிறது, நாயின் பெயரும் எழுதியிருக்கிறது. வழிகாட்டி இதை வேனில் சொன்ன விதம் பிரமாதம், பின்சீட்டில் இருந்த பிள்ளைகள்கூடப் போனைக் கீழே வைத்தார்கள்.

இனி பாட்டுக்கு வரலாம். புறநானூற்றில் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஒளவையார் பாடியவற்றிலிருந்து நாலைத் தேர்ந்திருக்கிறார்கள்: ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் எண்ணிச் செய்த தேர்ச்சக்கரத்தைப்போல் வலியவன் என்கிற 87, நெல்லிக்கனிக்கான 91, எதிரி அரசன் தொண்டைமானிடம் தூது போய் ஆயுதங்களை ஒப்பிடுகிற 95, அதியமான் இறந்தபின் பாடிய 232. தேர்வு சரி. 95ஐ அதியமான்கோட்டைக்குப் போகிற வழியில் வாசிக்கிறார்கள். உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன, எங்கள் வேந்தனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் சொல்லி, போர் செய்து பழகியவன் யார் என்பதை எதிரிக்குப் புரியவைக்கிற பேச்சு. ஒரு கவிஞர் அரசியல் தூதராகப் போய்ப் பேசிய பேச்சு என்று வழிகாட்டி நிறுத்திச் சொன்னது பொருத்தம்.

232ஐ அகழ்வைப்பகத்தில் கல்லின் முன்னால் நின்று வாசிக்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்கமாட்டாதவன், இப்போது நடுகல்லாக நின்று, பீலி சூட்டி சின்னக் கலத்தில் ஊற்றுகிற கள்ளை வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிற பாட்டு. வாசித்து முடித்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. இந்தச் சேவை நிலைக்க வேண்டும் என்று தோன்றுவது இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

ஆனால் அடுத்த நிமிடம் வழிகாட்டி எதிரே இருந்த கல்லைக் காட்டி, "இதுதான் அதியமானுக்கு நட்ட கல்லுன்னு சொல்றாங்க" என்றார். அப்படி யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அந்த அடுக்குச் சிற்பக் கல் பாட்டுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. சங்க கால நடுகல் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட வேண்டுமானால் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமி பொறித்த கற்களின் படம் இருக்கிறது. உருவம் கிடையாது, எழுத்து மட்டும். அதில் ஒன்று கூடலூரில் ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. ஆகோள் என்பது வெட்சித் திணையில் இலக்கணம் சொல்கிற அதே சொல். அந்தப் படத்தைக் கையேட்டில் சேர்த்தால் பாட்டுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற உண்மையான பாலம் கிடைக்கும். அதியமான் என்ற ஆளுக்குக் கல்லில் சாட்சி வேண்டுமென்றால் ஜம்பைக் கல்வெட்டு இருக்கிறது, திருக்கோவிலூர் பக்கம், 1981இல் வெளிப்பட்டது. 'அதியந் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி' என்று, அதாவது அவன் கொடுத்த குகை உறைவிடம் என்று, பெயரோடு நிற்கிறது. அதைச் சொல்லாமல் இல்லாத கல்லைக் காட்ட வேண்டியதில்லை.

ஆத்திசூடி பாடிய ஒளவையையும் இந்த ஒளவையையும் கையேடு ஒருவராக்கி, அட்டையில் கோலூன்றிய கிழவிப் படம் போட்டிருக்கிறது. இருவருக்கும் நடுவே பல நூற்றாண்டு. அடுத்த பதிப்பில் அட்டையை மாற்ற வேண்டும்.

இதைவிட முக்கியமான குறை, பாட்டெல்லாம் ஒரே பக்கத்துப் பாட்டு. தகடூர் விழுந்தது. வீழ்த்தியவன் சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை, அவனைப் பாடியவர் அரிசில்கிழார், பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. அதிலிருந்து ஒரு பாட்டாவது வாசிக்காமல் தகடூர்ப் பயணம் என்று சொல்வது அரைகுறை. இந்தப் போரைப் பற்றித் தனியாக ஒரு நூலே இருந்து, உரைகளிலும் தொகை நூலிலும் எடுத்தாளப்பட்ட சில செய்யுள்கள் தவிர மற்றதெல்லாம் அழிந்துபோனது. வென்றவன் பாட்டும் தோற்றவன் பாட்டும் இரண்டுமே நம் கையில் இருக்கும்போது, தோற்றவனுக்கான கண்ணீரை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்பினால் போர் ஏன் நடந்தது என்ற கேள்வியே எழாது.

'அரசியல் பேசமாட்டோம்' என்று கிளம்பும்போதே அறிவித்துவிடுகிறார்கள். கட்சிச் சண்டை வேண்டாம் என்றால் நியாயம். ஆனால் நடுகல் என்பதே மாட்டுமந்தைக்கும் எல்லைக்கும் நடந்த அரசியல். கங்கர், பாணர், நுளம்பர், பல்லவர் என்ற அரச மரபினர் மாறி மாறி இழுத்த எல்லைப்புறம் இது. யாருடைய ஆட்சியாண்டு கல்லில் இருக்கிறது என்று பார்த்தால் அந்த வருடம் அந்த ஊர் யார் கையில் என்று தெரியும். அரசியலை விட்டுவிட்டு அந்த முதல் வரியை எப்படி வாசிப்பது?

கும்பெனிக் காலத்தில் பாராமகால் எனப்பட்ட இந்த வட்டாரத்தின் கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாததும் அதே கொள்கையால்தான். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இந்தப் பகுதியைக் கும்பெனிக்குக் கொடுத்தார். கும்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை முதலில் பழகிப் பார்த்தது இங்கேதான். மன்றோ தருமபுரியில் குடியிருந்தார். இன்று நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிற பட்டாவின் வேர் இந்த ரோட்டோரத்தில் இருக்கிறது. வேன் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைத் தாண்டும்போது பத்து நிமிடம் இதைச் சொன்னால் யாருக்கும் மனம் புண்படாது.

தருமபுரி கோட்டைக் கோயில் காலையில் முதல் நிறுத்தம். மல்லிகார்ச்சுனர் கோயில் மண்டபத்தில் தரையில் முழுதாக ஊன்றாத தூணின் அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்ப்பதற்கு இருபது நிமிடம் போகிறது. அதே வளாகத்தில் காமாட்சியம்மன் கோயில் அடித்தளத்தைச் சுற்றிக் கையகல இராமாயணச் சிற்பங்கள் வரிசையாக ஓடுகின்றன. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியவை. அவற்றுக்கு ஐந்து நிமிடம். நேரத்தை இடம் மாற்றிப் போட்டால் போதும். நுளம்பர் பாணித் தூண்களைப் பற்றிக் கையேட்டில் உள்ள அரைப் பக்கம் சுருக்கமாகவும் சரியாகவும் இருக்கிறது.

அதியமான்கோட்டையில் சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களுக்காக நிற்கிறார்கள். ஃபிளாஷ் போடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னதைக் கடைப்பிடிக்கவும் வைத்தார்கள். தேய்பிறை அஷ்டமியன்று மட்டும் பதிவு செய்யாதீர்கள். காலபைரவருக்குப் பூசணி விளக்கு ஏற்ற வருகிற கூட்டத்தில் வேன் ஊருக்குள்ளேயே நுழையாது.

மதியச் சாப்பாடு கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு, வேண்டியவர்களுக்குச் சோறு. இடத்துக்கு ஏற்ற சாப்பாடு என்பதில் சந்தேகமில்லை, கீரைக் கடைசல் அம்மியில் வைத்த மிளகாய் வாசத்தோடு நன்றாகவே இருந்தது. களிதான் கெட்டது. காலையில் கிண்டி ஹாட்பாக்ஸில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். களி அடைத்து வைத்தால் தன் ஆவியிலேயே வியர்த்து, மேல்தோல் பிசுபிசுத்து, உள்ளே ரப்பராகும். நொய்யைக் குழைய வேகவிட்டு, அதில் மாவைக் கொட்டி நடுவில் குழி பறித்து மூடி, மாவு வெந்த வாசம் வந்தபின் துடுப்பால் கட்டியில்லாமல் கிளறி, தண்ணீர் தொட்டு உருட்டி அப்படியே இலையில் போட வேண்டிய பண்டம். பாப்பாரப்பட்டி வழியில் ஏதாவது ஒரு வீட்டில் சொல்லிவைத்தால் சுடச்சுடக் கிடைக்கும், செலவும் அதிகமாகாது.

பாப்பாரப்பட்டிக்கு இருபத்தைந்து நிமிடம் மட்டும் கொடுத்திருப்பது மனசுக்கு ஆறவில்லை. விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவா கடைசியாக வாழ்ந்து 1925 ஜூலை 23 அன்று இறந்த ஊர். 1908இல் வ.உ.சி.யோடு தண்டனை பெற்று, சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற்றமாட்டோம் என்றபோது நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். ஞானபாநு பத்திரிகை நடத்தியவர். இங்கே பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப நினைத்து, 1923இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். அவர் காலத்தில் கோயில் முடியவில்லை. எழுத்து, அரசியல், பயணம் மூன்றும் ஒரே உடம்பில் இருந்த மனிதர். பாட்டு வாசிக்கிற இந்தப் பயணத்தில் அவர் எழுதியதில் ஒரு பத்தி வாசிக்க இடம் இல்லை. நினைவு மண்டபத்தின் முன்னால் குரூப் போட்டோ எடுத்துவிட்டு வண்டி ஏறிவிட்டார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும்.

கடைசி நிறுத்தம் வயல்வெளியில் நிற்கிற ஒரு நடுகல். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம், ஆள் வரத்து அதிகமானால் கல்லுக்கு ஆகாது. இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட கற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கும்பிடுகிற குடும்பம் இன்றும் இருக்கிறது, பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள். ஆகவே அது கோயில். செருப்பைக் கழற்ற வேண்டும், தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். வேனில் இதைத் தெளிவாகச் சொல்லியே இறக்கினார்கள், வயல்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். எண்ணெய் ஏறிக் கறுத்திருந்த அந்தக் கல்லில் சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது வில்லின் நாண் தெரிந்தது, வலது முழங்காலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மாடு தெரிந்தது. நாள் முழுக்கப் பார்த்ததில் இவ்வளவு தெளிவாக வேறெதுவும் தெரியவில்லை. புறநானூறு 263இன் பாட்டை வாசிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது: பறை சுமந்து வழிபோகிற இரவலனிடம், கூட வந்தவர்கள் விலகிய பின்னும் விலகாமல், பாய்ந்து வரும் வெள்ளத்துக்குக் குறுக்கே அணைபோல் நின்றவன் கல் அது, தொழாமல் தாண்டிப் போகாதே என்று சொல்கிற பாட்டு. அது அவர்கள் பட்டியலில் இல்லை.

பதிவு செய்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தையும் சேர்த்த நீண்ட தடம் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை. வீட்டில் வந்து மேலும் தேடிப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல், தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல். எனவே ஓசூர், பர்கூர் பக்கத்துக் கல் 1970களின் பட்டியலில் தருமபுரி மாவட்டம் என்றும், அதற்கு முந்தைய பதிவில் சேலம் மாவட்டம் என்றும் இருக்கும். ஊர்ப் பெயரையும் வட்டத்தையும் வைத்துத் தேடினால்தான் அகப்படும்.

பையில் டார்ச், சின்னக் கண்ணாடி, குடை, தண்ணீர், ஒரு பழைய துண்டு. துண்டு குந்தி உட்காரவும் மண்டியிடவும் உதவும், அடிவரி எழுத்தெல்லாம் தரைமட்டத்தில்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைசி வயலுக்கு வேன் போகாது, ஒரு கிலோமீட்டர் சேற்றில் நடக்க வேண்டிவரும். அந்த மாதங்களில் வயதானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், மாசியில் தேதி மாற்றித் தருகிறார்கள், கூடுதல் கட்டணம் வாங்குவதில்லை.